குழந்தைக்கு வண்டி வாங்குமுன் தெருவைப் பாருங்கள்!

வீட்டில் குழந்தை பிறந்துவிட்டது. தொட்டில் வந்துவிட்டது. கிலுகிலுப்பை வந்துவிட்டது. கொசுவலையும் வந்துவிட்டது. அடுத்தபடியாக, "குழந்தைக்கு ஒரு வண்டி வாங்கலாமா?" என்ற பேச்சு எழுகிறது.

குழந்தையைப் படுக்க வைத்தோ, உட்கார வைத்தோ தள்ளிக்கொண்டு போகிறார்களே, அந்த வண்டியைத்தான் சொல்லுகிறேன். தள்ளுவண்டி என்றால் நம் ஊரில் இட்லிக்கடையும் வாழைப்பழக் கடையும்தான் ஞாபகத்துக்கு வரும். அதனால்தானோ என்னவோ, கடைக்காரர்கள் இதை "ஸ்ட்ரோலர்" என்கிறார்கள். படுக்கை வைத்த பெரிய வண்டியை "பிராம்" என்கிறார்கள். இந்தக் கட்டுரையில் வண்டி என்றே வைத்துக்கொள்ளுவோம்.

ஒரு காலத்தில் இந்த வண்டியைப் பணக்காரர் வீட்டிலும் சினிமாவிலும்தான் பார்க்க முடியும். இன்று சிறிய ஊர்க் கடைகளிலும் கிடைக்கிறது. செல்போனில் விரலை வைத்தால் வீட்டு வாசலுக்கே வந்து நிற்கிறது. விலை சில ஆயிரம் ரூபாயில் தொடங்குகிறது. மோட்டார் சைக்கிள் விலைக்கு வரும் வண்டிகளும் உண்டு.

இப்படிப் பணம் போட்டு வாங்கிய வண்டி இப்போது எங்கே இருக்கிறது என்று, தெரிந்த நாலு வீட்டில் விசாரித்துப் பாருங்கள். ஒரு வீட்டில் அது பால்கனியில் இருக்கும். அதன்மேல் துணி காயும். இன்னொரு வீட்டில் பரண்மேல் ஏறியிருக்கும். மூன்றாவது வீட்டில் அதில் பழைய பேப்பர் அடுக்கி வைத்திருப்பார்கள்.

வண்டியில் குறை இல்லை. அது ஓடுவதற்குத் தெரு இல்லை! வாங்கியவர்கள் வண்டியைப் பார்த்தார்கள். நிறத்தைப் பார்த்தார்கள். விலையைப் பார்த்தார்கள். தங்கள் தெருவைப் பார்க்கவில்லை.

எந்த வண்டி நல்ல வண்டி என்று யாராவது கேட்டால், என்னுடைய பதில் இதுதான்: உங்கள் தெருவில் ஓடி, உங்கள் மாடிப்படியில் ஏறி, அதைத் தள்ளுகிறவரின் இடுப்பை ஒடிக்காத வண்டிதான் நல்ல வண்டி. அப்படி ஒன்று கிடைக்காவிட்டால், வாங்காமல் இருப்பதே மேல்.

ஆடு இழுக்க ஒரு வண்டி

இந்த வண்டியின் கதையே இதைத்தான் காட்டுகிறது.

இங்கிலாந்தில் டெவன்ஷயர் பிரபு என்று ஒருவர் இருந்தார். பெரிய மாளிகை. அதைச் சுற்றிப் பெரிய தோட்டம். தன் பிள்ளைகள் தோட்டத்தில் சுற்றிவர ஒரு வண்டி வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார். வில்லியம் கென்ட் என்ற தோட்டக் கலைஞர் 1733-ல் ஒரு வண்டி செய்துகொடுத்தார். சிப்பி போன்ற உருவம். அதை இழுப்பது யார் தெரியுமா? ஆடு! அல்லது ஒரு சின்னக் குதிரைக்குட்டி.

பிரபுவுக்குத் தோட்டம் இருந்தது. வண்டிக்குப் பாதை இருந்தது. அதனால் அது ஓடியது.

இருநூறு வருஷத்துக்கு மேல் போயிற்று. ஓவன் மக்லாரன் என்ற ஆங்கிலேயர், ஆகாய விமானம் கட்டுவதில் தேர்ந்த என்ஜினீயர். இரண்டாம் உலகப் போரில் பெயர் பெற்ற ஸ்பிட்பயர் விமானத்தின் சக்கரப் பகுதியை உருவாக்குவதில் வேலை செய்தவர். ஓய்வு பெற்று வீட்டில் இருந்தபோது, அவருடைய மகள் மாஸ்கோவில் இருந்து கைக்குழந்தையுடன் வந்தாள். குழந்தைக்கு ஒரு வண்டி. அதுவோ பாரமான வண்டி. அதைத் தூக்கவும் முடியாமல், மடக்கவும் முடியாமல் மகள் படுகிற பாட்டைத் தாத்தா பார்த்தார்.

விமானம் மேலே போனதும் அதன் சக்கரம் மடங்கி உள்ளே போகிறதே, குழந்தை வண்டி ஏன் மடங்கக்கூடாது? இதுதான் அவருக்குத் தோன்றிய யோசனை. கனமில்லாத அலுமினியக் குழாய்களை எடுத்தார். குடையைப் போல மடங்கும் ஒரு வண்டியைச் செய்தார். அதன் எடை மூன்று கிலோவுக்கும் குறைவு! 1965-ல் அதற்குக் காப்புரிமை கேட்டு மனுச் செய்தார். இன்று கடையில் "குடை மாடல்" என்று விற்கிறார்களே, அதெல்லாம் அந்தத் தாத்தாவின் வண்டிக்குப் பேரப்பிள்ளைகள்தான்.

அவர் செய்ததைக் கவனியுங்கள். முதலில் மகளின் கஷ்டத்தைப் பார்த்தார். பிறகுதான் வண்டியைப் பற்றி யோசித்தார். நாம் தலைகீழாகச் செய்கிறோம். முதலில் வண்டி வருகிறது. பிறகு கஷ்டம் வருகிறது.

சூட்கேஸ் பரீட்சை

கடைக்குப் போவதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். செலவு இல்லாத காரியம்.

வீட்டில் சக்கரம் வைத்த சூட்கேஸ் இருக்கிறதா? இல்லாவிட்டால் பக்கத்து வீட்டில் கேட்டு வாங்குங்கள். அதில் எட்டுக் கிலோவுக்கு ஏதாவது சாமான் வையுங்கள். அதை உருட்டிக்கொண்டு வீட்டை விட்டுக் கிளம்புங்கள். குழந்தையோடு நீங்கள் வழக்கமாகப் போகும் இடத்துக்குப் போய்வாருங்கள். அது டாக்டர் வீடாக இருக்கலாம். கோவிலாக இருக்கலாம். பஸ் நிறுத்தமாக இருக்கலாம்.

தெருவில் உள்ளவர்கள், "எந்த ஊருக்குப் பயணம்?" என்று கேட்பார்கள். கேட்கட்டும்.

எத்தனை இடத்தில் சூட்கேசைக் கையால் தூக்கினீர்கள் என்று எண்ணிக்கொள்ளுங்கள். வீட்டு வாசற்படியில் ஒரு தடவை. சாக்கடை மூடிய கல் பெயர்ந்து கிடக்கும் இடத்தில் ஒரு தடவை. நடைபாதையில் மோட்டார் சைக்கிள் நிற்கிறது. அங்கே இறங்கி ரோட்டுக்குப் போக ஒரு தடவை. டிரான்ஸ்பார்மர் இருக்கும் இடத்தில் மறுபடியும் ஒரு தடவை. உருட்டிய தூரத்தைவிடத் தூக்கிய தூரம் அதிகமானால், உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது. உங்கள் குழந்தைக்கு ஏற்ற வாகனம் உங்கள் இடுப்புதான்.

இதை நான் கேலியாகச் சொல்லவில்லை. நம் ஊர்த் தெருக்களில் பெரும்பாலானவை இப்படித்தான் இருக்கின்றன. சின்னச் சக்கரம் சாக்கடைக் கல்லின் இடுக்கில் மாட்டினால், வண்டி சட்டென்று நின்றுவிடும். குழந்தை முன்னால் சாயும். பெரிய சக்கரம் வைத்த வண்டி மேடு பள்ளத்தில் ஓடும். ஆனால் அது பாரமாக இருக்கும். மடக்கினாலும் பாதி அறையை அடைத்துக்கொள்ளும். மணல் தெருவில் இரண்டுமே ஓடாது. மெரினாவில் குழந்தை வண்டியோடு மணலில் இறங்கிவிட்டு, ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு வரும் தம்பதிகளை எந்த ஞாயிற்றுக்கிழமையும் பார்க்கலாம்.

வண்டி நன்றாக ஓடும் இடங்களும் இருக்கின்றன. இல்லை என்று சொல்லவில்லை. சுற்றுச்சுவர் போட்ட அடுக்குமாடிக் குடியிருப்பில் ஓடும். பெரிய பூங்காவில் ஓடும். விமான நிலையத்தில் ஓடும். சென்னை தியாகராய நகர் பாண்டி பஜாரில் 2019-ல் அகலமான நடைபாதை திறந்தார்கள். அதைப்போன்ற இடத்தில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போவது சுகம்தான். மெட்ரோ ரெயில் நிலையங்களில் லிப்டு இருக்கிறது. அங்கேயும் கஷ்டம் இல்லை. உங்கள் அன்றாட வாழ்க்கை இப்படிப்பட்ட இடங்களில் நடக்கிறது என்றால் தாராளமாக வாங்குங்கள்.

வருஷத்துக்கு இரண்டு தடவை கடைவீதி மாளிகைக்குப் போவதற்காக என்றால் வேண்டாம். பெரிய வணிக வளாகங்கள் சிலவற்றில் குழந்தை வண்டியை அவர்களே கொடுத்து வாங்கிக்கொள்கிறார்கள். வாசலில் கேட்டுப் பாருங்கள்.

மூன்றாவது மாடி

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம், மூன்றாவது மாடியில் இருக்கிறது. லிப்டு கிடையாது. கணவர் ஆசையோடு 14 ஆயிரம் ரூபாய்க்கு ஒரு வண்டி வாங்கி வந்தார். நல்ல வண்டிதான். எடை 11 கிலோ. அவர் காலை எட்டு மணிக்கு வேலைக்குப் போனால், வீடு திரும்ப இரவு எட்டு மணி. பகலில் வண்டியை யார் கீழே இறக்குவது? மனைவிக்கு ஆபரேஷன் செய்து குழந்தை பிறந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது.

வயிற்றில் ஆபரேஷன் செய்த தாய், சில வாரங்களுக்குக் குழந்தையைவிடக் கனமான எதையும் தூக்கக்கூடாது என்று டாக்டர்கள் சொல்லுவார்கள். தாயின் சிரமத்தைக் குறைப்பதற்கு வாங்கிய வண்டி, அவள் தூக்கக்கூடாத பாரமாக வந்து சேர்ந்தது! கீழே மாடிப்படிக்கு அடியில் வைக்கலாம் என்றால், அங்கே ஏற்கனவே நாலு சைக்கிள்.

ஆகையால், வண்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டியவர் அதைத் தினமும் தள்ளப் போகிறவர்தான். பணம் கொடுப்பவர் கூடப் போகலாம். பகலில் பாட்டிதான் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறார் என்றால், பாட்டியைக் கடைக்கு அழைத்துப் போங்கள். கைப்பிடி அவர் உயரத்துக்குச் சரியாக இருக்கிறதா? பிரேக்கை அவர் காலால் மிதித்தால் விழுகிறதா? மடக்கும் விசை அவர் விரலுக்கு இணங்குகிறதா? பாட்டியால் முடிந்தால் எல்லோராலும் முடியும்.

கடையில் இன்னொரு பரீட்சையும் வைக்கலாம். ஐந்து கிலோ அரிசிப் பையை ஓர் இடுப்பில் இடுக்கிக்கொள்ளுங்கள். மற்றொரு கையால் வண்டியை மடக்குங்கள். பிறகு தூக்குங்கள். முடிகிறதா? பஸ் வந்து நிற்கும்போது நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். இடுப்பில் அரிசிக்குப் பதில் குழந்தை இருக்கும். கண்டக்டர் விசில் கொடுத்துக்கொண்டிருப்பார்.

சென்னையில் 2024-ல் தாழ்தள பஸ்கள் மறுபடியும் ஓடத் தொடங்கின. அவற்றில் படி ஏற வேண்டியதில்லை. ஆனால் எல்லா வழித்தடத்திலும் அவை இல்லை. ஆட்டோவில் போகிறவர்களுக்குக் குடை மாடல் போதும். சீட்டுக்குப் பின்னால் சொருகிவிடலாம். கணவன், மனைவி, குழந்தை மூவரும் மோட்டார் சைக்கிளிலேயே எங்கும் போகிற குடும்பம் என்றால், வண்டியை எங்கே வைப்பது? அவர்கள் வாங்கினால் அது பால்கனிக்குத்தான் போகும்.

ஆறு மாதம் பொறுங்கள்

இனிமேல் சொல்லப் போவது பணத்தைப் பற்றியது அல்ல. குழந்தையின் உயிரைப் பற்றியது. கவனமாகப் படியுங்கள்.

பிறந்த குழந்தைக்குக் கழுத்து நிற்காது. தலையோ உடம்புக்குப் பெரியது. அந்தக் குழந்தையை உட்காரும் வண்டியில் வைத்தால் என்ன ஆகும்? தலை முன்னால் தொங்கும். மோவாய் நெஞ்சில் முட்டும். மூச்சுக்குழல் மடங்கும். குழந்தை சத்தம் போடாது. தூங்குகிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம்.

அதனால்தான் சிறு குழந்தையை நன்றாகப் படுக்க வைக்கும்படியான வண்டியில்தான் கொண்டுபோக வேண்டும் என்கிறார்கள். தலை நின்று, தானாக உட்காரப் பழகும் வரை இந்தக் கட்டுப்பாடு. அதற்கு ஏறக்குறைய ஆறு மாதம் ஆகும். குடை மாடல் வண்டிகளில் பல, முழுவதும் சாயாது. விலை மலிவு என்று அதை வாங்கி, இரண்டு மாதக் குழந்தையை அதில் உட்கார வைப்பது கூடவே கூடாது.

படுக்கும் வண்டியில் தூங்கினாலும், வீட்டுக்கு வந்ததும் குழந்தையை எடுத்துச் சமதளமான படுக்கையில் மல்லாக்கப் போடுங்கள். வண்டியை இரவுத் தொட்டிலாக்க வேண்டாம்.

என்னைக் கேட்டால், முதல் ஆறு மாதத்துக்கு வண்டியே வாங்காதீர்கள் என்பேன். நம் வீடுகளில் கைக்குழந்தை வெளியே போவதே தடுப்பு ஊசிக்குத்தான். ஆறாவது வாரம், பத்தாவது வாரம், பதினாலாவது வாரம். பிறகு ஒன்பதாவது மாதம். அந்த மூன்று தடவைக்கு மடி போதாதா? ஆறு மாதம் ஆனபிறகு பாருங்கள். குழந்தை வளர்ந்து கனத்திருக்கும். உங்கள் கை வலிக்கத் தொடங்கியிருக்கும். எங்கெங்கே போகிறோம் என்பது தெரிந்திருக்கும். அப்போது வாங்கினால் கண்ணைத் திறந்துகொண்டு வாங்கலாம்.

ரெயிலின் முன் விழுந்த வண்டி

2009-ம் ஆண்டு அக்டோபர் மாதம். ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரம். ஆஷ்பர்ட்டன் என்ற ரெயில் நிலையம்.

ஒரு தாய், ஆறு மாதக் குழந்தையை வண்டியில் வைத்துக்கொண்டு ரெயிலுக்குக் காத்திருந்தாள். ரெயில் வந்துகொண்டிருந்தது. ஒரே ஒரு கணம் வண்டியில் இருந்து கையை எடுத்தாள். அவ்வளவுதான்! வண்டி தானாக உருண்டது. தாய் பாய்ந்தாள். எட்டவில்லை. வண்டி பிளாட்பாரத்தில் இருந்து தண்டவாளத்தில் விழுந்தது. ரெயில் அதன்மேல் மோதி, கொஞ்ச தூரம் தள்ளிக்கொண்டு போயிற்று.

குழந்தை என்ன ஆயிற்று? நெற்றியில் ஒரு வீக்கம். வேறு ஒன்றும் இல்லை! ரெயில் நிலையத்தின் கேமராவில் பதிவான அந்தக் காட்சியை உலகம் முழுவதும் பார்த்தது. குழந்தையை வண்டியோடு சேர்த்துப் பெல்ட் போட்டுக் கட்டியிருந்தார்கள். கட்டாமல் விட்டிருந்தால் குழந்தை தனியே தெறித்திருக்கும்.

நம் ஊரில் பெல்ட்டை மாட்டுவதே இல்லை. "பக்கத்துக் கடைவரைக்கும்தானே?" என்பார்கள். "குழந்தைக்கு அழுத்தும்" என்பார்கள். வாங்கும்போது ஐந்து இடத்தில் பிடிக்கும் பெல்ட்டாகப் பாருங்கள். இரண்டு தோளில் இரண்டு, இடுப்பில் இரண்டு, கால்களுக்கு நடுவே ஒன்று. இடுப்பில் மட்டும் இருக்கும் பெல்ட்டில் துறுதுறுப்பான குழந்தை எழுந்து நின்றுவிடும்.

பிரேக்கையும் வாங்கும்போதே சோதியுங்கள். கடை வாசலில் சாய்வான இடம் இருக்கும். வண்டியை அங்கே நிறுத்தி, பிரேக் போட்டு, லேசாகத் தள்ளிப் பாருங்கள். நகர்ந்தால் வேண்டாம். தெருவில் நிற்கும்போதெல்லாம், அது ஒரு நிமிஷமானாலும், பிரேக்கை மிதித்துவிடுங்கள்.

இன்னொரு கெட்ட பழக்கம், கைப்பிடியில் காய்கறிப் பையை மாட்டுவது. குழந்தை உள்ளே இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. குழந்தையைத் தூக்கினால் வண்டி மல்லாந்து விழும். குழந்தை இருக்கும்போதே விழுவதும் உண்டு. பையை வைக்க சீட்டுக்கு அடியில் கூடை இருக்கிறது.

மடக்கும் கீலைப் பற்றியும் ஒரு வார்த்தை. குடை மாடலைக் கண்டுபிடித்த மக்லாரன் பெயரில் நடந்த கம்பெனிக்கே ஒரு சோதனை வந்தது. வண்டியை விரிக்கும்போது குழந்தைகளின் விரல்நுனி கீலில் மாட்டித் துண்டாகிவிட்டது என்று அமெரிக்காவில் புகார்கள் எழுந்தன. 2009 நவம்பரில் சுமார் பத்து லட்சம் வண்டிகளுக்கு, கீலை மூடும் உறை கொடுக்க வேண்டியதாயிற்று. அவ்வளவு பெயர் பெற்ற வண்டிக்கே அந்தக் கதி. ஆகவே எந்த வண்டியானாலும், குழந்தையைத் தள்ளி நிறுத்திவிட்டு விரிப்பதும் மடக்குவதும் நல்லது. வீட்டில் மூத்த குழந்தை இருந்தால் இன்னும் ஜாக்கிரதை. அதற்குத்தான் எல்லாவற்றிலும் விரலை விட வேண்டும்!

வெயிலும் புகையும்

சித்திரை வெயிலில் குழந்தையைத் தள்ளிக்கொண்டு போகிறோம். முகத்தில் வெயில் படுகிறது. உடனே சேலைத் தலைப்பையோ, துண்டையோ வண்டியின்மேல் போர்த்திவிடுகிறோம். அன்பினால் செய்வதுதான். ஆனால் உள்ளே காற்று நின்றுவிடுகிறது. வண்டி அடுப்பாகிவிடுகிறது. ஆஸ்திரேலியாவில் சிட்னி பல்கலைக்கழகத்தார் இதைச் சோதித்து 2023-ல் முடிவை வெளியிட்டார்கள். உலர்ந்த துணியைப் போர்த்தினால் வண்டிக்குள் சூடு ஏறுகிறது. மெல்லிய துணியை நனைத்துப் போட்டு, சிறிய விசிறியும் வைத்தால் சூடு இறங்குகிறது. ஈரத்துணி உலர உலர மறுபடி நனைக்க வேண்டும்.

ஆனால் மதியம் பன்னிரண்டு மணிக்குக் குழந்தையை வெளியே கொண்டுபோகாமல் இருப்பதற்கு ஈடான விசிறி எதுவும் இல்லை. வண்டியின் கூரை நன்றாக முன்னுக்கு வருகிறதா, பக்கத்தில் காற்றுப் போக வலைத்துணி இருக்கிறதா என்பதை வாங்கும்போது பாருங்கள். பிளாஸ்டிக் உறையை மழைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

புகைதான் எனக்குப் பெரிய கவலை. மோட்டார் சைக்கிளின், ஆட்டோவின் புகைக்குழாய் எந்த உயரத்தில் இருக்கிறது? குழந்தை வண்டியில் குழந்தையின் மூக்கு எந்த உயரத்தில் இருக்கிறது? ஏறக்குறைய ஒரே உயரம்! இங்கிலாந்தில் சர்ரே பல்கலைக்கழகம் 2018-ல் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டது. வண்டியில் போகும் குழந்தைக்கு, கூட நடக்கும் பெரியவரைவிட 60 சதவீதம் வரை அதிகமாக வண்டிப் புகை சேரலாம் என்று அதில் சொல்லியிருந்தார்கள். இங்கிலாந்துத் தெருவுக்கே அந்தக் கணக்கு என்றால், நம் ஊர்ச் சிக்னலில் நிற்கும் குழந்தையை நினைத்துப் பாருங்கள்.

ஆகவே, போக்குவரத்து நெருக்கடியான ரோட்டில் இடுப்பும் தோளும் வண்டியைவிட நல்லவை. வண்டியில்தான் போக வேண்டும் என்றால், சீட் உயரமாக இருப்பதை வாங்குங்கள். உள் தெரு வழியாகச் சுற்றிப் போங்கள்.

உயரமான சீட்டைப் போல, குழந்தையின் முகம் நம்மைப் பார்த்து இருக்கும் சீட்டும் நல்லது. 2008-ல் ஸ்காட்லாந்து நாட்டு டண்டீ பல்கலைக்கழகம் ஒரு விஷயத்தைக் கவனித்துச் சொன்னது. குழந்தையின் முகத்தைப் பார்த்தபடி தள்ளும் பெற்றோர்கள், முதுகைப் பார்த்துத் தள்ளுகிறவர்களைவிட இரண்டு மடங்கு அதிகமாகக் குழந்தையோடு பேசினார்கள். "அதோ பார் காக்கா! இதோ பார் மாடு!" என்று பேசப் பேசத்தானே குழந்தைக்குப் பேச்சு வருகிறது? இடுப்பில் இருக்கும் குழந்தைக்கு இது தானாகக் கிடைக்கிறது.

பாட்டியும் மருமகளும்

வண்டி என்று பேச்செடுத்ததும், "நாங்கள் எல்லாம் வண்டி வைத்தா ஆறு பிள்ளை வளர்த்தோம்?" என்று பாட்டி கேட்பார். "அந்தக் காலம் வேறே அத்தை" என்று மருமகள் சொல்லுவாள்.

இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. பாட்டி ஆறு பிள்ளை வளர்த்தபோது வீட்டில் அவர் மட்டுமா இருந்தார்? மாமியார், நாத்தனார், ஓரகத்தி, பக்கத்து வீட்டுப் பெண் என்று பத்து இடுப்பு இருந்தது. இன்று அடுக்குமாடி வீட்டில் தாய் ஒருத்திதான். ஒரே இடுப்பு. அதுவும் வலிக்கிற இடுப்பு. அவள் வண்டி கேட்டால் அதைச் சொகுசு என்று சொல்லக்கூடாது. அவளுடைய தெருவில் வண்டி ஓடும் என்றால் வாங்கிக் கொடுப்பதுதான் நியாயம். ஓடாது என்றால், குழந்தையை உடம்போடு சேர்த்துக் கட்டிக்கொள்ளும் துணிப்பை வாங்கலாம். நம் ஊர்க் காட்டுவேலைக்குப் போன பெண்கள், பழைய சேலையில் செய்துகொண்டதுதான் அது. ஒன்று மட்டும்: குழந்தையின் முகம் துணிக்குள் புதையாமல், நமக்குத் தெரியும்படி இருக்க வேண்டும்.

சீர் விஷயத்தில் மட்டும் நான் யார் பக்கமும் இல்லை. குழந்தை பிறந்தால் தாய்வீட்டார் தங்கம் போடுவதும், தொட்டில் கொடுப்பதும் வழக்கம். இப்போது சில இடங்களில் அந்தச் சீர்வரிசையில் வண்டியும் சேர்ந்துவிட்டது. அதுவும் "இன்ன கம்பெனி வண்டி" என்று பெயர் சொல்லிக் கேட்கிறார்கள். பெண்ணைப் பெற்றவர் தவணைக்குக் கடன் வாங்கி அதைக் கொண்டுவந்து வைக்கிறார். நாலு நாள் உறவினர் பார்க்கிறார்கள். பிறகு அதன்மேல் துணி காய்கிறது. தவணை மட்டும் மாதம் தவறாமல் ஓடுகிறது. இதைக் கேட்பவர்கள் வெட்கப்பட வேண்டும்.

தெருவைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். குழந்தை வண்டி ஓடாத நடைபாதையில் மாற்றுத் திறனாளியின் சக்கர நாற்காலியும் ஓடாது. கைத்தடி ஊன்றும் தாத்தாவும் நடக்க முடியாது. உங்கள் வார்டு கவுன்சிலர் அடுத்த தடவை வரும்போது, அந்தச் சூட்கேசை அவர் கையில் கொடுத்து ஒரு நடை போய்வரச் சொல்லுங்கள்.

கூடவே விற்கும் வாக்கர்

வண்டி வாங்கப் போனால், "இதையும் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று கடைக்காரர் "வாக்கர்" ஒன்றைக் காட்டுவார். வட்டமான சட்டம், நடுவில் சீட், அடியில் சக்கரங்கள். குழந்தை உள்ளே இருந்துகொண்டு காலால் உந்தி ஓடும். இதை வாங்காதீர்கள். கனடா நாட்டில் 2004-ல் இதன் விற்பனையையே தடை செய்துவிட்டார்கள். நடக்கத் தெரியாத குழந்தை கண்மூடித் திறப்பதற்குள் மாடிப்படிக்கோ, அடுப்பங்கரைக்கோ போய்விடும். குழந்தை சீக்கிரம் நடக்கவும் இது உதவாது. நம் ஊர்த் தச்சர் செய்யும் மூன்று சக்கர மர நடைவண்டி வேறு. அதைக் குழந்தை நின்றுகொண்டு பிடித்துத் தள்ளும். நாமும் பக்கத்தில் நிற்போம்.

பழைய வண்டி வாங்கலாமா?

தாராளமாக வாங்கலாம். குழந்தை வண்டிக்கு ஆயுள் இரண்டு, மூன்று வருஷம்தான். அதற்குள் குழந்தை இறங்கி ஓடிவிடும். வண்டி புதிதாகவே இருக்கும். அக்காள் வீட்டிலும், அடுத்த வீட்டிலும் கேட்டுப் பாருங்கள். பரணில் இருந்து இறக்கிக் கொடுப்பார்கள். இடமும் காலியாகிறதே என்று அவர்களுக்குச் சந்தோஷமாகவும் இருக்கும்.

ஆனால் பார்த்து வாங்குங்கள். வண்டியை விரித்ததும் பூட்டு "டக்" என்று விழ வேண்டும். விழுந்தபிறகு கைப்பிடியை அழுத்தினால் மடங்கக்கூடாது. நாலு சக்கரமும் ஆடாமல் ஓட வேண்டும். பிரேக்கைச் சரிவில் வைத்துப் பாருங்கள். துணியைக் கழற்றித் துவைத்து வெயிலில் போடுங்கள். கம்பியில் துருவோ, வெல்டிங்கில் விரிசலோ இருந்தால் விட்டுவிடுங்கள்.

பெல்ட்டின் கொக்கி உடைந்திருந்தால், "அதற்கென்ன, ஒரு கயிறு போட்டுக் கட்டிக்கொள்ளலாம்" என்று கொடுப்பவர் சொல்லுவார். சந்தைக்குப் போய்க் காய்கறி ஏற்றிக்கொண்டு வர அந்த வண்டி உதவும். குழந்தைக்கு வேறு பாருங்கள்.